அலிமாவுக்கு இல்லாத தலைவலி

டாக்டர் சிவனணைந்தபெருமாள் ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டிப் பாத்தா, 1957-ல தென்காசியிலயே பெரிய சீக்காளி அலிமாதான். ஒரே மாசத்துல மூலம், காதுல சீழ், மார்ல கட்டி, பித்த வாந்தி, குதிகால் வெடிப்பு. எல்லாம் அவ பேர்ல. நிஜத்துல அவளுக்கு ஒரு தும்மல் கூட வந்தது கிடையாது.

விஷயம் என்னன்னா, அந்த நெசவுத் தெருவுல இருந்த முஸ்லிம் பொம்பளைங்க ஆம்பள டாக்டர் முன்னால போய் நிக்க மாட்டாங்க. அலிமா போவா. அவளுக்கு இருபத்திமூணு வயசுல புருசன் வாந்திபேதியில போயிட்டாரு. பிள்ள கிடையாது. வீடு வீடா உக்காந்து தறிக்கு நூல் சுத்திக் குடுத்துப் பொழைச்சா. வெளிய போகாதேன்னு தடுக்க ஆள் இல்ல. வெள்ளத் துப்பட்டியப் போத்திக்கிட்டு, காலி மருந்து பாட்டில இடுப்புல இடுக்கிக்கிட்டு, மேலகரம் ரோட்டுல நடந்து போயி, வீட்டுக்குள்ள கிடக்கிற பொம்பளையோட சீக்க டாக்டர்கிட்ட ஒப்பிச்சிட்டு மருந்து வாங்கிட்டு வருவா. பாதி நேரம் இன்னாருக்குன்னு சொல்லிருவா. வெக்கப்படுற சீக்கா இருந்தா எனக்குத்தான்னு சொல்லிருவா. அம்புட்டுதான்.

கம்பவுண்டர் உச்சிமாகாளிக்கு இது நல்லாத் தெரியும். வேளைக்கு எவ்வளவு குடிக்கணும்னு தெரியப் பாட்டில்ல கோடு கோடாக் காகிதம் வெட்டி ஒட்டிக்கிட்டே, “ஏ அலிமா, இன்னைக்கு யார் உடம்பத் தூக்கிட்டு வந்திருக்க?”ன்னு கேப்பாரு. “உம்ம வாய்க்கு மருந்து இருக்கான்னு கேக்க வந்தேன் அண்ணாச்சி”ம்பா அவ. வரிசையில நிக்கிறவங்க சிரிப்பாங்க. டாக்டர் தலை நிமிர மாட்டாரு. அவருக்கு வெளிய வரிசை நீண்டு கிடக்கும்.

அந்த வருசந்தான் வடகரையில இருந்து சைதூன் பீவி மருமகளா வந்தா. பதினெட்டு வயசு. புருசன் பீர் மைதீன், குழித்தறியில நெய்யிறவரு. மாமியார் ஹைருன் பீவி, தெருவே பயப்படுற பொம்பள. கல்யாணமாகி ரெண்டாவது மாசம், சைதூன் அடுப்படியில நிக்கையில கண்ணுக்கு முன்னால ரம்பப் பல்லு மாதிரி ஒரு வெளிச்சம் ஓடிருக்கு. அர மணி நேரத்துல இடது பக்கம் மட்டும் மண்டை பொளக்குது. வெளிச்சத்தப் பாக்க முடியல. வாந்தி. பக்கத்து அறையில தறி அடிக்கிற ஒவ்வொரு சத்தமும் கண்ணுக்குப் பின்னால வந்து குத்துது. பீர் மைதீன் தறிய நிப்பாட்டிட்டு வாசல்ல வந்து நின்னிருக்காரு. அவங்க உம்மா, “பொண்டாட்டிக்குத் தலைவலின்னா தறி நிக்குமாலே?”ன்னு விரட்டி விட்டிருக்காங்க.

மாசத்துக்கு நாலு தடவ இப்படி. ஹைருன் பீவிக்குப் பயம் வந்துட்டு. மருமக உடம்ப நெனச்சு வந்த பயமில்ல. வீட்டுல கடைசி மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருந்தாங்க. அலிமாவக் கூப்பிட்டு மெதுவாச் சொன்னாங்க.

“மருமகளுக்கு மண்டைக் கோளாறுன்னு தெருவுல பேர் வந்துட்டுன்னா எம்மகளுக்கு எவன் வருவான்? நீ உனக்குன்னே சொல்லி வாங்கிட்டு வா. டாக்டர்கிட்டயும் உனக்குன்னே சொல்லு.”

“அதுக்கென்ன மைனி, எத்தனையோ சொல்லியாச்சு”ன்னா அலிமா.

அலிமா எதையும் அரைகுறையாச் செய்யிறவ இல்ல. அடுத்த தடவ வலி வந்தப்ப சைதூன் பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டா. வெளிச்சம் எந்தக் கண்ணுல முதல்ல வருது, வலி எங்க தொடங்கி எங்க போகுது, எந்த வாடை புடிக்கல, எப்படிப் படுத்தா கொஞ்சம் தேவல. அந்தப் பிள்ள முனகிக்கிட்டே சொல்லியிருக்கு. அதெல்லாத்தையும் மனசுல ஏத்திக்கிட்டு மறுநாள் டாக்டர் முன்னால போய் உக்காந்தா. ஒரு கண்ண லேசா மூடிக்கிட்டா. உச்சிமாகாளி கரண்டியக் கீழ போட்டப்ப முகத்தச் சுளிச்சா.

டாக்டர் அன்னைக்குத்தான் பேனாவ வச்சிட்டு அவளப் பாத்தாராம். ஒத்தத் தலைவலிய யாரும் இவ்வளவு சுத்தமாச் சொல்லி அவர் கேட்டதில்லையாம், படிச்ச புஸ்தகத்துல இருக்கிறபடியே இருக்குன்னாராம். அலிமாவுக்கு உள்ளுக்குள்ள பெருமை தாங்கல.

அவரு திருநெல்வேலியில இருந்து ஒரு மாத்திரை வரவழைச்சாரு. சின்னக் கண்ணாடிக் குழாயில இருக்கும். எர்கோட்டமின்னு பேரு. ஏதோ ஒரு தானியத்துல புடிக்கிற பூஞ்சையில இருந்து எடுக்கிறதாம். அவர் அவளுக்குச் சொன்னதுல அலிமா ஒரு வார்த்தைய மறக்கல. தலைக்குள்ள ரத்தக்குழா வீங்கித் துடிக்குது, இந்த மாத்திரை அதச் சுருக்கும். கண்ணுல வெளிச்சம் ஓடத் தொடங்குனதும் ஒண்ணு போடணும், வலி முத்துனதுக்கப்புறம் போட்டா பிரயோசனம் இல்ல. அர மணி கழிச்சு வேணும்னா இன்னொண்ணு. அதுக்கு மேல கூடாது, வாரத்துக்கு நாலுக்கு மேல கூடவே கூடாது, மீறுனா கைகால் விரல்லாம் குளுந்து மரத்துப் போகும். ஏன்னா இது தலையில மட்டும் நின்னுக்கிடாது, உடம்பு பூராவும் சுருக்கும்.

எல்லாஞ் சொல்லிட்டு, சீட்டக் கையில குடுக்கையில ஒண்ணு சொன்னாரு.

“புருசனோட இருக்கிற சின்னப் பிள்ளையா இருந்தா இன்னொரு கேள்வி கேட்டுட்டுத்தான் குடுப்பேன். உனக்கு அது வேண்டாம்.”

என்ன கேள்வின்னு அலிமா கேக்கல. சொல்ல வேண்டிய பொய்யில ஒண்ணு மிச்சம்னு நெனச்சிருக்கா. அவ்வளவுதான். அந்த ஒரு நிமிசத்துக்காக அவ மிச்ச வாழ்க்கை முழுக்கத் தன்னையே திட்டிக்கிட்டா.

மாத்திரை வேல செஞ்சிட்டு. அத எப்படிச் சொல்லன்னு தெரியல. ரெண்டு நாளு இருட்டறையில கிடந்த பிள்ள ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு வந்து, கஞ்சி குடிச்சிட்டு, தறிக்குப் பக்கத்துலயே உக்காந்து நூல் சிக்கு எடுக்குது. பீர் மைதீன் அலிமாவப் பாத்தா எந்திரிச்சு நிப்பாராம். ஹைருன் பீவி கூட ஒருநாள் ஒரு தட்டு அரிசிப் பத்திரி சுட்டுக் குடுத்து விட்டாங்க. சைதூன் கூடப் பொறந்த அக்காவக் கூப்பிடுற மாதிரி “லாத்தா, லாத்தா”ன்னு அலிமாவ விடாது. அலிமாவுக்கு யாரும் அப்படி உரிமையாக் கூப்பிட்டதே இல்ல.

மறு வருசம் ஆடியில குற்றாலத்துல நல்ல சாரல். தெருவுல நாலஞ்சு வீட்டுப் பொம்பளைங்க மாட்டு வண்டிக்குத் திரை கட்டிக்கிட்டு, விடியக்கருக்கல்ல சுபுஹு தொழுதுட்டுக் கிளம்புனாங்க, கூட்டம் வரதுக்கு முன்னால குளிச்சிட்டு வந்துரலாம்னு. சைதூனுக்கு அப்ப ரெண்டு மாசம் நாள் தள்ளியிருக்கு. வெளி ஆள் யாருக்கும் தெரியாது. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னு வழக்கம், புருசனுக்கும் மாமியாருக்கும் மட்டுந்தான் தெரியும். மாமியார் அருவியில தலையக் காட்டாதேன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. பத்தொன்பது வயசுப் பிள்ள, அருவி முன்னால வந்து நின்னா கேக்குமா? ஓரமா நின்னு ரெண்டு நிமிசம் நனைஞ்சிட்டு.

திரும்பி வண்டியில ஏறுறப்ப கண்ணுல ரம்பம் ஓட ஆரம்பிச்சிட்டு. மாத்திரை அலிமா முந்தியிலதான் முடிஞ்சு இருந்துச்சு. ஒண்ணு குடுத்தா. வண்டி குலுங்குற குலுக்கல்ல அத வாந்தி எடுத்துட்டாளோன்னு சந்தேகம். இன்னொண்ணு குடுத்தா. மேலகரம் தாண்டுறதுக்குள்ள பிள்ள கதறுது. மூணாவதும் குடுத்தா. கணக்கு மீறுதுன்னு தெரிஞ்சே, ஒரு தடவதானேன்னு, தன் கையால வாயில போட்டா.

மறுநாள் காலையில உதிரப்போக்கு. சாயங்காலம் எல்லாம் முடிஞ்சிட்டு.

அலிமாவுக்கு அப்பத்தான் சைதூன் பிள்ளத்தாச்சியா இருந்ததே தெரியும். ஹைருன் பீவி அறை வாசல்ல நின்னு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், அருவித் தண்ணி அடிச்சுக் கலைஞ்சிட்டு, தலையக் காட்டாதேன்னேன், ஆசை விடலயே, தானே கொன்னுட்டாளேன்னு சொன்னாங்க. உள்ள படுத்திருந்த சைதூன் அதக் கேட்டுக்கிட்டே கிடந்துச்சு. அதுவும் அப்படித்தான் நம்புச்சு. அலிமாவும் அப்படித்தான் நம்புனா.

மூணு வாரம் கழிச்சு மாத்திரை வாங்கப் போனா. காலிக் குழா கையில இருக்கு. அவளுக்கு முன்னால உலகம்மைன்னு ஒரு போலீஸ்காரர் சம்சாரம். அவளுக்கும் ஒத்தத் தலைவலி. டாக்டர் எல்லாங் கேட்டுட்டு, சீட்டு எழுதுறதுக்கு முன்னால, “முழுகாம இருக்கியாம்மா?”ன்னு கேட்டாரு. உலகம்மை தலையக் குனிஞ்சிக்கிட்டு, ஆமா, ஒன்ற மாசம்னா. டாக்டர் பேனாவ மூடிட்டாரு. இந்த மாத்திரை உனக்கு ஆகாது, பிள்ள பெத்ததும் ரத்தம் நிக்கிறதுக்குக் கர்ப்பப்பையச் சுருக்கக் குடுக்கிறதும் இதே சாதி மருந்துதான், வயித்துல பிள்ள இருக்கையில போட்டா பிள்ளைக்கே ஆபத்துன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அப்புறம், “என்ன அலிமா, மாத்திரை தீந்துட்டா?”ன்னாரு.

எனக்கு இந்த இடத்த எழுதவே முடியல. அலிமா அங்க நிக்கிறா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஐயா, எனக்கில்ல, இன்னாருக்கு, மூணு போட்டேன்னு. சொல்லல. இல்லய்யா, இப்ப வலி இல்லன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டா. காலிக் குழாயக் கால்வாயில போட்டா.

சைதூன்கிட்ட அந்த மாத்திரை இப்ப வரதில்லன்னு சொல்லிட்டா. அடுத்த மாசமும் அதையே சொன்னா. நாலு வருசம் சொன்னா.

அந்த நாலு வருசமும் சைதூன் பழையபடி இருட்டறையில கிடந்துச்சு. வலி வர்றப்பல்லாம் அலிமா ஓடுவா. ஈரத்துணி போடுவா, கடுங்காப்பி வச்சுக் குடுப்பா, கால அமுக்கி விடுவா, பீர் மைதீன்கிட்டச் சண்ட போட்டுத் தறிய நிப்பாட்டுவா. தெருவே, பெத்த தாய் கூட இப்படிப் பாக்க மாட்டான்னு பேசுச்சு. அதக் கேக்குறப்பல்லாம் அவளுக்கு ஒடம்பு கூசும். டாக்டர்கிட்டப் போயி உள்ளதச் சொன்னா வேற மருந்து குடுப்பாரு, அதுவும் தெரியும். அதையும் செய்யல. உண்மையச் சொல்லப் பயந்துக்கிட்டு, இன்னொருத்தி தலைய வலிக்க விட்டா. இது மாத்திரை குடுத்தத விடப் பெரிய பாவம்னு அவளே பின்னால சொல்லுவாளாம்.

1962-ல நூல் வாங்கத் திருநெல்வேலி போன பீர் மைதீன், மாத்திரை பேர ஒருத்தர்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு ஒரு மருந்துக் கடையில நுழைஞ்சிருக்காரு. கேட்டதும் குடுத்துட்டாங்க. பொண்டாட்டிக்குச் சீலை வாங்கிட்டு வர்ற மாதிரி அந்தக் குழாய மடியில வச்சிக்கிட்டு வந்தாரு. யாருகிட்டயும் சொல்லல.

அந்த வாரம் அலிமா அந்த வீட்டுலதான் நூல் சுத்திக்கிட்டிருந்தா. தறிப் பாவு நூலுக்குப் போடுற கஞ்சி கொதிக்கிறப்ப சைதூன் மூக்கப் பொத்திக்கிட்டு கொல்லைக்கு ஓடுறத ரெண்டு நாளாப் பாத்தா. அவளுக்குப் புரிஞ்சிட்டு. நாலு வருசத்துக்கப்புறம். அலிமா யாருக்கும் தெரியாமக் கண்ணத் தொடச்சிக்கிட்டா.

மூணாவது நாள் மத்தியானம். சைதூன் அடுப்படியில இருந்து ஒரு கையால சுவரப் புடிச்சிக்கிட்டே அறைக்குள்ள போச்சு. வெளிச்சம் ஓட ஆரம்பிச்சிட்டுன்னு அலிமாவுக்குப் பாத்ததும் தெரியும். செம்புல தண்ணி எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனா. அந்தப் பிள்ள தலகாணிக்கு அடியில இருந்து கண்ணாடிக் குழாய எடுக்குது. ஒரு மாத்திரைய உள்ளங்கையில தட்டுது.

“மருந்து வந்துட்டு லாத்தா. அவுக வாங்கிட்டு வந்தாக. தண்ணி குடு.”

அலிமா செம்பக் கீழ வச்சிட்டு அந்தக் கையப் புடிச்சிக்கிட்டா.

“இத வாயில போடாதே.”

“ஏன், காலாவதி ஆயிட்டா?”

“நீ முழுகாம இருக்க. போன தடவ உன் பிள்ள போனது அருவியால இல்ல சைதூனு. நான் குடுத்த இந்த மாத்திரையால. மூணு குடுத்தேன்.”

சைதூனுக்கு விளங்கல. அலிமா சொன்னா. ஹைருன் மைனி தனக்குன்னே சொல்லச் சொன்னது, கைம்பெண்டாட்டின்னு டாக்டர் அந்தக் கேள்வியக் கேக்காம விட்டது, என்ன கேள்வின்னு தான் கேக்காம வந்தது, உலகம்மை, காலிக் குழா, மருந்து வரலன்னு சொன்ன நாலு வருசப் பொய். எல்லாத்தையும் கையப் புடிச்சிக்கிட்டே சொன்னா.

சைதூன் கைய விடுவிச்சிக்கிட்டு மாத்திரையத் திரும்பக் குழாயில போட்டுச்சு. அதுக்கப்புறம் வலி வந்துட்டு. சாயங்காலம் வரைக்கும் மாத்திரை இல்லாம அந்த வலிய முழுசா வாங்கிக்கிட்டு, சுவர் பக்கம் திரும்பியே கிடந்துச்சு. அலிமா ஈரத்துணியோட உக்காந்திருந்தா. துணிய வைக்க விடல.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதுக்கப்புறம், திரும்பாமலே பேசுச்சு.

“நாலு வருசமா ஒவ்வொரு தொழுகையிலயும் நான் என்ன துவா கேட்டேன்னு தெரியுமா லாத்தா? தண்ணியில நிக்க ஆசப்பட்டு எம்பிள்ளையக் கொன்னுட்டேன், மன்னிச்சிருன்னு. அஞ்சு வேளையும். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த.”

அலிமா ஈரத்துணிய மறுபடி தண்ணியில நனைச்சா.

“நாளைக்கு டாக்டர்கிட்ட நான் வாரேன். என் தலைய நானே சொல்லிக்கிடுதேன்.”

மறுநாள் வண்டிக்குத் திரை கட்டுனாங்க. ஹைருன் பீவி வாசல மறிச்சாங்க. பீர் மைதீன் அவங்க உம்மாவ முதல் தடவையா ஒதுங்கச் சொன்னாரு, அதுவும் ரொம்பத் தணிஞ்ச குரல்ல. ஆஸ்பத்திரியில உச்சிமாகாளி வழக்கம்போல என்னமோ கேக்க வாயத் திறந்தவரு, ரெண்டு துப்பட்டியப் பாத்ததும் மூடிக்கிட்டாரு.

அலிமா டாக்டர்கிட்டச் சொன்னா, அந்தத் தலைவலி எனக்கு இல்ல ஐயான்னு. மிச்சத்தையும் சொன்னா. டாக்டர் கோவப்படுவாருன்னு பாத்தா, நோட்டத் திறந்து அவ பேர் இருந்த பக்கத்தையெல்லாம் புரட்டுனாராம். உன் பேர்ல எத்தனை சீக்கு எழுதியிருக்கேன், எனக்கா தெரியாது, கூட்டமா இருந்துச்சு, கேக்கலன்னாராம். அப்புறம், முதல் மூணு மாசத்துல எத்தனையோ பிள்ள ஒரு காரணமும் இல்லாமத் தங்காமப் போயிரும், மாத்திரைதான் காரணம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, அருவின்னும் சொல்ல முடியாதுன்னாரு. சைதூன் அதக் கேட்டு முதல் தடவையா அழுதுச்சு. அலிமா அழல. அந்த ஆறுதல எடுத்துக்கிட அவளுக்கு மனசு வரல.

சைதூன்கிட்ட டாக்டர் புதுசா வந்த சீக்காளிய விசாரிக்கிற மாதிரி முதல்ல இருந்து எல்லாங் கேட்டாரு. பிள்ள பிறக்கிற வரைக்கும் அந்தக் குழாய வீட்டுலயே வைக்கக் கூடாது. சாப்பாடு நேரம் தப்பக் கூடாது, தூக்கம் குறையக் கூடாது, கஞ்சி கொதிக்கிற இடத்துல நிக்கக் கூடாது. ரொம்ப முடியலன்னா வேற ஒரு லேசான மாத்திரை, அதுவும் அவரக் கேட்டுட்டு. பிள்ள பால்குடி மறந்ததுக்கப்புறம் வாங்க, வந்தாப் போடுற மாத்திரை வேற, வராம இருக்கத் தினம் போடுற மாத்திரை வேற, உனக்கு ரெண்டாவதுதான் சரிப்படும், பாப்போம்னாரு. மாசத்துல நாலு தடவ படுக்கிறவ இதுக்குன்னு ஒரு மருந்து கேக்கலாம்னு அதுவரைக்கும் அவகிட்ட யாரும் சொன்னதில்ல.

அந்தத் தடவ பிள்ள தங்குச்சு. ஜாஹிரா பீவி. எனக்கு இவ்வளவையும் சொன்னது அவங்கதான். அவங்க உம்மா பின்னால தினம் அந்தச் சின்ன மாத்திரையப் போட்டாங்களாம், மாசத்துக்கு நாலு தடவ வந்த வலி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னு குறைஞ்சிட்டாம். அலிமாகிட்டப் பேசுவாங்களாம், சாப்பிடச் சொல்லுவாங்களாம். மன்னிச்சேன்னு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லையாம். அலிமாவும் கேட்டதில்ல.

ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அந்த வாரம் ஒண்ணு நடந்துச்சு. ஹைருன் பீவி தெருவுல அருவிக் கதையவே சொல்லிக்கிட்டிருந்தாங்க, மருமக பேரு கெட்டாலும் பரவாயில்ல, தான் பொய் சொல்லச் சொன்னது வெளிய வரக் கூடாதுன்னு. அலிமா துப்பட்டியப் போத்திக்கிட்டுக் கிளம்பிட்டா. தெருவுல பதினாறு வீடு. ஒவ்வொரு வீட்டுலயும் உள்ள போயி உக்காந்து, சைதூன் மேல தப்பு இல்ல, மாத்திரை குடுத்தது நான், உண்மைய மறைச்சது நான்னு சொன்னா. ஹைருன் பீவி பேர ஒரு வீட்டுலயும் எடுக்கல. சில வீட்டுல அழுதாங்க. ரெண்டு வீட்டுல, இனி எங்களுக்கு எதுவும் வாங்கித் தர வேண்டாம்னு அவகிட்ட இருந்த பாட்டிலத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஒரு வீட்டுல தண்ணி கூடக் குடுக்கல.

கடைசி வீடு சேக் மைதீன் வீடு. அவர் சம்சாரம் எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு, கையில இருந்த நூல் கண்டக் கீழ வச்சா. அப்புறம் மெல்லமா, “எனக்கும் அதே மாதிரி ஒரு பக்கமாத்தான் வலிக்குது அலிமா. அந்த மாத்திரை பேரு என்ன?”ன்னு கேட்டா.

“பேரு தெரியும். சொல்ல மாட்டேன்”ன்னா அலிமா. “எந்திரி. நீயே வந்து கேளு.”

அவ துப்பட்டியத் தேடி எடுத்துட்டு வர வரைக்கும் அலிமா வாசல்லயே நின்னா. கூடவே நடந்து போனா. டாக்டர் அறைக்குள்ள மட்டும் போகல. வெளிய பெஞ்சில உக்காந்து, உள்ள அவர் அந்தக் கேள்வியக் கேக்குறாரான்னு காதக் குடுத்துக்கிட்டே இருந்தா.